புதுப்பிப்பு: பள்ளிக்கூட மை பேனாவுக்கு விடை கொடுத்தாச்சு, நிப்பு பிழைத்துக்கொண்டது

பள்ளி நாட்களிலிருந்து வைத்திருந்த மை பேனாவில் மை காய்ந்து இறுகிவிட்டது, கழுத்து மரையில் விரிசலும் இருக்கிறது, காப்பாற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அடைப்பு நீங்கியது. பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு இரவு முழுக்க ஊறவைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. தண்ணீரை மாற்றும்போதெல்லாம் நிப்பின் பிளவிலிருந்து நீல இழை ஒன்று மெல்ல இறங்கியது. அது நின்ற பிறகு நல்ல தண்ணீரில் அலசினேன். வெந்நீர் வேண்டாம் என்றவர்கள் சொன்னதும் சரி. நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டை எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். சூட்டில் நெளியும், நிறமும் மங்கும்.

விரிசல்தான் கைவிட்டது. பசை போட்டு ஒட்டினாலும், மை ஊற்றித் திருகும்போது அழுத்தம் அதே இடத்தில் விழுகிறது. மறுபடி பிளந்து மை கசிந்தது. மனசே இல்லாமல்தான் அந்த உடலுக்கு விடை கொடுத்தேன். பரீட்சைகள் எல்லாம் எழுதிய பேனா அது.

அப்புறம், நிப்பையும் கட்டையையும் வேறு பேனாவுக்கு மாற்றச் சொன்னவருக்குத் தனி நன்றி. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்ததும் வந்துவிட்டது. அதே அளவுள்ள கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. எதிர்பாராதது என்னவென்றால், எழுத்து கொஞ்சமும் மாறவில்லை! நிப்பின் முனை என் கைச்சாய்வுக்கே தேய்ந்திருக்கிறது. மாற்றுபவர்கள் நிப்பு கட்டையோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் செருகுங்கள். இல்லாவிட்டால் மை இறங்காது.