மே மாதம் அரியமான், தனுஷ்கோடி: 5 வயதும் 9 வயதுமான பிள்ளைகளோடு ஒரே நாளில் முடியுமா?

பரமக்குடிக்காரன்:
மே கடைசி வாரம் காரில் வருகிறோம். பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. காலையில் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகு, மதியம் அரியமான் கடற்கரையில் குளியல், சாயங்காலம் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை என்று நினைத்திருக்கிறேன். காற்றடைக்கும் டியூப் இரண்டு கையில் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் தனியாக வாங்க வேண்டுமா? சொறி (ஜெல்லி மீன்) பட்டால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் கரை:
முதலில் காரங்காட்டை எடுத்துவிடுங்கள் சார். அது தொண்டிப் பக்கம், தனுஷ்கோடி நேர் எதிர்த்திசை. ஒரே நாளில் இரண்டும் என்றால் பிள்ளைகள் பார்ப்பது கார் சீட்டைத்தான். அதை வேறொரு நாள் தனியாக வையுங்கள். சேறு காலை இழுக்கும் இடம், அதனால் பின்பட்டை வைத்த செருப்பு வேண்டும்.

அடுத்தது காற்று. இங்கே எந்தக் கடலில் குளிக்கலாம் என்பதை மாதம்தான் முடிவு செய்யும். மே மாதத்தில் சோழகமும் கச்சானும் தெற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது நம்ம ஊரில் ஆண் கடல் என்கிறோமே, அங்கே அலை தூக்கும். பாக் நீரிணைப் பக்கமான பெண் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ்.

அரியமான் பெண் கடல் பக்கம் என்பதால் மே மாதத்துக்குச் சரியான தேர்வுதான். ஆனால் ஆபத்தும் அந்த அமைதியிலேயே இருக்கிறது. அங்கே அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். டியூப் தண்ணீருக்கு மேலே நிற்பதால் காற்று அதை நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லாததால் பிள்ளை நகர்வதே தெரியாது. ஆழமில்லாத கடல் என்று நம்பி நீங்கள் பின்னால் நடந்துபோய், தரை எட்டாத இடத்தில் நின்றுபோவீர்கள். டியூப் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மீறி யாராவது அடித்துச் செல்லப்பட்டால் டியூபை விடாதே என்று கத்திச் சொல்லுங்கள். நீந்தித் துரத்த வேண்டாம், நாட்டுப்படகுக்காரரைக் கூப்பிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம் வாங்குங்கள். உள்பக்கம் அச்சிட்டிருக்கும் எடை அளவு பிள்ளையின் எடையோடு பொருந்த வேண்டும். சின்னதற்குக் கழுத்துக்குப் பின்னால் காலரும் கால் இடுக்கில் போகும் பட்டையும் இருப்பதாகப் பாருங்கள். எல்லாக் கொக்கியும் மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் பெரிய சைஸ், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜாக்கெட் போட்டாலும் 5 வயதுப் பிள்ளை கை நீட்டினால் எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது.

தங்கச்சிமடம் அக்கா:
நேரத்தையும் மாற்றுங்கள் தம்பி. விடிந்ததும் தனுஷ்கோடி, பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அங்கே நிழல் கிடையாது, மணல் காலைச் சுடும். அரிச்சல்முனையில் பார்ப்பதோடு சரி, கால் நனைக்கக்கூட இறக்காதீர்கள். இரண்டு கடல் சேரும் இடம், காலடி மணலையே நீரோட்டம் அரித்துக்கொண்டு போகும். வெயில் நேரத்தில் அறையில் தூக்கம், நாலு மணிக்கு மேல் அரியமான். சவுக்குத் தோப்பு இருப்பதால் சாமான் வைத்து உட்கார வசதி.

மணல் தோண்ட விடுங்கள், ஆனால் குழி சின்னப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஈர மணல் பக்கவாட்டில் சரிந்து மூடும். கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையைக் கண்டால் காட்டுங்கள். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, கரைவலைக்கு இல்லை. கயிற்றுக்கு உள்பக்கம் பிள்ளைகள் நிற்க வேண்டாம். கொட்டிய மீனில் கை வைக்கவும் வேண்டாம்: கெளுத்தி முள், திருக்கை வால், சொறி எல்லாம் கலந்து வரும். செத்த சொறியும் கடிக்கும்.

உச்சிப்புளி:
சொறி பட்டால் எலுமிச்சை தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

மண்டபம் கரை:
அண்ணே, அது இரண்டுமே வேண்டாம். தோலில் ஒட்டிய இழையில் வெடிக்காத கொட்டும் செல்கள் மிச்சம் இருக்கும். நல்ல தண்ணீர் பட்டாலோ தேய்த்தாலோ அவையும் வெடிக்கும். மணல் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. கடல் நீரை ஊற்றிக் கழுவி, இழையை இடுக்கியால் எடுங்கள். பிறகு 43 டிகிரி அளவுக்குச் சுடுநீரில் 20 நிமிடமாவது முக்கி வைக்க வேண்டும், வலி நன்றாகக் குறையும். அதற்கு ஒரு லிட்டர் பிளாஸ்க் போதும். காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது சில மணி நேரத்தில் 85 டிகிரிக்கு வந்திருக்கும். அதில் ஒரு பங்குக்குச் சாதாரணத் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் கணக்குச் சரியாக வரும். பெரியவர்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைக்கு. திருக்கை குத்தினாலும் இதே சுடுநீர்தான், ஆனால் முள் உள்ளே நின்றிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, முக வீக்கம் என்றால் எதற்கும் காத்திராமல் 108.

பரமக்குடிக்காரன்:
நன்றி. மூத்தவள் சங்கு, சிப்பி பொறுக்க ஒரு வாளியோடு தயாராக இருக்கிறாள். அனுமதி உண்டா?

தங்கச்சிமடம் அக்கா:
உடைந்த, காலியான சிப்பி என்றால் கொஞ்சம் பொறுக்கட்டும். பவளப்பாறைத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் செத்துக் கிடந்தாலும் தொடக் கூடாது, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. முக்கியமாக, கூம்பு வடிவத்தில் பூவேலை மாதிரிக் கோடு போட்ட சங்கு அழகாக இருக்கும். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி போடும், சிலது ஆளையே கொல்லும். எந்தச் சங்கையும் முதலில் நீங்கள் குச்சியால் புரட்டி வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். சதையோ மூடியோ தெரிந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். வாளிக்குப் பதில் ஓட்டைப் பை கொடுங்கள், மணலும் தண்ணீரும் வழிந்துவிடும், கார் நாறாது.