வரி ‘மக்ஸ்’ என்றால் கணக்கை மறைக்கலாமா?

கடைவீதி:
அஸ்ஸலாமு அலைக்கும். முஸ்லிமல்லாத அரசின் வரி ‘மக்ஸ்’, அதாவது அநியாய வசூல். மறைத்தால் சட்டப்படி குற்றமாகலாம், மார்க்கப்படி பாவமில்லை என்கிறேன். விபசாரத்தைத் தானே ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்ற ஃகாமிதிய்யா பெண் செய்த தவ்பாவை (பாவமன்னிப்புத் தேடலை) மக்ஸ் வாங்குபவன் செய்திருந்தால் அவனுக்கும் மன்னிப்புக் கிடைத்திருக்கும் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. அதற்கு விளக்கவுரை எழுதிய இமாம் நவவி இதை வைத்தே மக்ஸைப் பெரும்பாவத்தில் சேர்க்கிறார்.

தராசு:
வ அலைக்கும் ஸலாம். ஹதீஸ் சரிதான் பாய். ஆனால் அது வாங்குபவனைக் கண்டிக்கிறது. கொடுப்பவன் பொய்க்கணக்கு எழுதலாம் என்று அதில் எங்கே இருக்கிறது?

முதலில் ஜிஎஸ்டியைத் தனியாக எடுங்கள். 1,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் சேர்த்து 1,180 வாங்குகிறீர்கள். பில்லில் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 90, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 90 என்று அச்சாகிறது. அந்த 180 உங்கள் லாபம் இல்லை, அரசுக்குச் சேர்க்கச் சொல்லி வாடிக்கையாளர் தந்தது. கல்லாவில் போட்டுக்கொண்டால் அது அமானித மோசடி. மக்ஸ் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கடைவீதி:
வசூலித்ததைக் கட்டத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வருமான வரி அப்படியில்லையே? விசா வாங்கி முஸ்லிமல்லாத நாட்டுக்குப் போகிறவன் ‘முஸ்தஃமின்’, அதாவது பாதுகாப்பு வாக்குறுதி பெற்று நுழைந்தவன், நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன். இங்கேயே பிறந்தவன் யாரோடு ஒப்பந்தம் போட்டான்?

மஸ்அலா:
முஸ்தஃமின் அங்குள்ளவர் பொருளை வஞ்சித்து எடுப்பது ஹராம் என்று ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) சொல்வதற்குக் காரணம் அவன் பெற்ற அமான், அதாவது பாதுகாப்பு வாக்குறுதி. பிறந்த ஊரில் அதே பாதுகாப்போடு கடை நடத்துபவருக்கு அந்தக் காரணம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

வாக்கு எவ்வளவு கனமானது என்பதற்கு நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) சம்பவம் போதும். பத்ர் போருக்கு முன் அவரையும் தந்தையையும் மக்காவின் குறைஷிகள் பிடித்து, போரில் சேரமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டார்கள். நெருக்கடியில் கொடுத்த வாக்கு, வாங்கியவர்களோ எதிரிகள். முஸ்லிம் படையில் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். அப்படியும் வாக்கைக் காப்பாற்றச் சொல்லி நபி (ஸல்) அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வருமான வரிக் கணக்கின் முடிவில், தந்த விவரம் சரியானது, முழுமையானது என்று நீங்கள்தான் உறுதி தருகிறீர்கள். பாதி விற்பனையை மறைத்துவிட்டு அதைத் தந்தால் பொய்ச் சாட்சி. வரி நியாயமா என்பது வேறு மஸ்அலா (மார்க்கச் சட்டக் கேள்வி). பொதுத் தேவைக்குக் கருவூலம் போதாவிட்டால் வரி போடலாம் என்று பழைய அறிஞர்களான இமாம் கஸாலியும் ஷாதிபியும் சொல்லியிருக்கிறார்கள்.

கடைவீதி:
அவர்கள் பேசியது முஸ்லிம் ஆட்சியாளரைப் பற்றி, அதுவும் தேவையளவுக்கு. அதை இங்கே ஒட்டாதீர்கள். படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை.

தராசு:
கஸாலியை விட்டுவிடுவோம், உங்கள் ஆட்சேபம் நியாயம். ஆனால் நீங்கள் காட்டும் ஹதீஸ் பாவத்தைச் செய்யச் சொல்லும் கட்டளைக்கு. வட்டிக்கு விடு என்றால் மறுக்கலாம். பணம் கட்டு என்பது அந்த வகையில் வராது.

வரி கட்டினால் ஜகாத் கழிந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜகாத் நாளில் சரக்கும் ரொக்கமும் 20,00,000, கட்ட வேண்டிய வரி பாக்கி 1,20,000 என்றால், ஹனஃபிகள் கடனைக் கழித்து 18,80,000க்கு 47,000 கொடுப்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் கடன் கழியாது, 50,000. ஷாஃபிஈகள் அதிகமுள்ள காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைவீதி:
வசூலித்த ஜிஎஸ்டியை முன்பு கட்டாமல் விட்டுவிட்டவர் ஏழைகளுக்கு ஸதகா செய்தால் ஈடாகுமா?

மஸ்அலா:
ஆகாது. ஸதகா செய்வது உரியவர் தெரியாத பணத்துக்கு. இதற்கு உரியவர் யார் என்று தெரியும். விடுபட்ட ஜிஎஸ்டியைத் தாமாகக் கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவத்தில் தானாகவே கட்டிவிட வேண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். மாதக் கணக்குத் தருபவர் 20ஆம் தேதிக்குள் கட்டியிருந்தால் அந்த வட்டிக்கு வேலையே வந்திருக்காது.