சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்? எடை போட்டுப் பார்த்த அனுபவம்

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர், முட்டைகூடக் கிடையாது, சுத்த சைவம். போன வருடம் அம்மாவுக்கு (58 வயது, 52 கிலோ) முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, கோயிலுக்கு ஏறும் படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் பி12-ம் குறைவு. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "புரதத்துக்கு என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் ரோஷமாகவே, "தினமும் சாம்பார் வைக்கிற வீடு டாக்டர்" என்றார். "சரிம்மா, அஞ்சு பேருக்கு எவ்வளவு பருப்பு போடுவீங்க?" ரெண்டு கைப்பிடி என்று அம்மா கையைக் குவித்துக் காட்டினார்.

மறுநாள் காலை அந்த இரண்டு கைப்பிடியை, கேக் செய்ய வாங்கி வைத்திருந்த சின்னத் தராசில் கொட்டினேன். 105 கிராம். ஆளுக்கு 21 கிராம் பருப்பு. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம், அப்படியென்றால் ஒரு தட்டுக்கு ஐந்து கிராம்கூட வரவில்லை. அதிலும் அம்மா கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எங்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, மேலே நிற்கும் தெளிவைத்தான் தனக்கு எடுத்துக்கொள்வார். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கவனித்ததில்லை.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது அம்மாவுக்கு நாளைக்கு 43 கிராம் வேண்டும். பருப்பு தானியத்தையே நம்பியிருக்கும் நமக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அம்மா ஒரு நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக் கூட்டினேன். சோறு, அரைக் கிண்ணம் தயிர், டீயில் கலக்கும் பால், பொரியல், அந்தச் சாம்பார், எல்லாம் சேர்த்து முப்பதைத் தொடவில்லை.

இதில் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் பிறந்தது எங்கள் குன்னூரில்தான், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஒரு அறையில் ஆரம்பித்தது, 1958-இல்தான் ஐதராபாத் போனது. நம் நாட்டு மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று அவ்வளவு காலம் இங்கேயே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நான் தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறேன்.

அப்புறம் என்ன செய்தோம்? சாம்பார் பருப்பை இரண்டு மடங்காக்கினோம். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், இல்லையென்றால் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை (30 கிராமில் ஏழு கிராமுக்கு மேல் புரதம்). கொள்ளு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கும் என்று வாரம் இரண்டு முறை கொள்ளு ரசம் வைப்போம், தண்ணீரை இறுத்து ரசமாக்கிவிட்டு வெந்த கொள்ளைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிடுவோம். புரதம் பெரும்பாலும் அந்தக் கொள்ளில்தானே இருக்கிறது! இப்போது அதைப் பூண்டு, வரமிளகாய் வைத்துத் துவையலாக அரைக்கிறோம், சூடான சோற்றுக்கு அவ்வளவு பிரமாதம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சாதாரணப் பாத்திரத்தில் கொண்டைக்கடலை எத்தனை நேரம் வெந்தாலும் நடுவில் விறைப்பாகவே நிற்கும். அந்த எரிச்சலிலேயே பல வீடுகளில் பயறு சமைப்பதை விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும், குக்கரில் கீழ்நாட்டுக்காரர்கள் சொல்வதைவிட மூன்று விசில் கூட வையுங்கள். அவசரத்துக்கு மைசூர் பருப்பு. எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் ரொட்டிக்கு அதைத்தான் கெட்டியாகக் கறி வைக்கிறார்கள், ஊறவே வேண்டாம், கால் மணி நேரத்தில் குழைந்துவிடும்.

அம்மா இப்போது கோயில் படியை உட்காராமல் ஏறுகிறார். மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு, பருப்பு மட்டும் செய்தது என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

ஊட்டியிலிருந்து:

அக்கா, நான் நான்கு வருடமாக வீகன், பால் தயிர் எதுவும் இல்லை. முதல் வருடம் முழுக்கக் காளான்தான் புரதம் என்று நம்பி வாரம் நாலு பாக்கெட் வாங்கினேன். 200 கிராம் பாக்கெட்டில் சுமார் ஆறு கிராம்தான் புரதம் என்று பிறகுதான் தெரிந்தது. பாதாம் பாலும் அப்படித்தான், பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது சோயா பால் மட்டும். இப்போது 50 கிராம் மீல் மேக்கர் (அதிலேயே 25 கிராம் வந்துவிடும்), மதியம் பருப்பு, இரவு பச்சைப் பட்டாணி போட்ட கோதுமை உப்புமா. அரிசி கோதுமையில் லைசின் (புரதத்தில் உடம்புக்கு அவசியமான ஒரு அமினோ அமிலம்) குறைவு, பருப்பில் அது நிறைய, ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும், ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் பி12 மட்டும் எந்தச் செடியிலிருந்தும் கிடைக்காது. வீகன் ஆகும் தம்பி தங்கைகள் தயவுசெய்து முதல் நாளிலிருந்தே மாத்திரை எடுங்கள், நான் கால் மரத்துப்போன பிறகுதான் எடுத்தேன்.

*

கொடைக்கானல் பக்கமிருந்து:

எங்களுக்குப் பட்டர் பீன்ஸ் சீசனில் கவலையே இல்லை, மாமியார் உரித்து உரித்துக் கூட்டு வைப்பார். கேள்வி ஒன்று: மாமனாருக்குக் கிட்னி கொஞ்சம் பழுது, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. அவருக்கும் பருப்பைக் கூட்டலாமா அக்கா?

*

குன்னூரிலிருந்து:

வேண்டாம்மா, நீங்களாகக் கூட்டாதீர்கள். கிட்னி பாதித்தவர்களுக்கு அளவு வேறு, சிலருக்குக் குறைக்கவே சொல்வார்கள். அவர் பார்க்கும் டாக்டரிடம் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று எண்ணாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். மாமியார் தட்டை மட்டும் இன்றைக்கே பாருங்கள், அவரும் கடைசியில்தான் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன்.