பென்சில் யார் கையில் இருந்தது?

ஒரு தாயின் பகிர்வு

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, அவளுடைய வீட்டுப்பாட நோட்டில் தேடினாலும் ஒரு தவறு கிடைக்காது. ஆனால் வகுப்புத் தேர்வில், கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்குகள் அத்தனையும் தவறாகியிருந்தன. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். 2-இலிருந்து 7 போகாது என்பதால், 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். இது வீட்டில் ஏன் என் கண்ணில் படவில்லை என்று யோசித்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது: அவள் தயங்கிய இடத்திலெல்லாம் பென்சிலை வாங்கி நானே விடையை எழுதிக் கொடுத்திருந்தேன். போதாக்குறைக்கு, "எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று அவள் காதுபடப் பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் பின்னர் அறிந்தேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், கணக்கென்றாலே அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, குழந்தைகள் அந்தக் கல்வியாண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள். கணக்கைப் பற்றிய அச்சமும் அவர்களிடம் கூடியிருந்தது. அதே அச்சம் உள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தென்படவில்லை. என்னைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

அதற்காக ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவள் முன் வைத்து, 27 குச்சிகள் தரச் சொன்னேன். இரண்டு கட்டுகளை உடனே எடுத்துக் கொடுத்தாள். ஏழு குச்சிகளுக்கு உதிரி போதாததால் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை (அது எளிதாக இருக்கவில்லை). சற்று நேரம் கழித்து, ஒரு கட்டின் ரப்பர் பேண்டை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, "இதை உடைக்கலாமா?" என்று கேட்டாள்.

ஒரு தாத்தாவின் பகிர்வு

சகோதரி எழுதியிருப்பதைப் படித்ததும், என் பேரனுக்குக் கதை வாசித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே வாசிப்பேன்; அவனோ பாதியில் எழுந்து போய்விடுவான். ஒருநாள் கண்ணாடியைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, படத்தைக் காட்டி, "இந்த நாய் எங்கே ஓடுகிறது?" என்று கேட்டேன். "பயந்து" என்றான். கேள்விக்கு விடை அதுவல்ல, ஆனால் நான் பார்க்கத் தவறிய ஒன்றை அவன் பார்த்திருந்தான். "எதைக் கண்டு பயந்து?" என்று தொடர்ந்தேன், அன்று அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவே இல்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் உடன் பணியாற்றியோரும் 1988-லேயே, படக்கதையைக் கேள்வி கேட்டு வாசிக்கவும் குழந்தையின் விடையைச் சற்றே விரித்துத் திருப்பிச் சொல்லவும் பெற்றோருக்குப் பயிற்சி அளித்து, ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். நான் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்டபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணுகிறேன். பெரும்பாலும் எட்டில் வாய் திறக்கிறான்.

ஒரு தந்தையின் பகிர்வு

எனக்கு இரவுப் பணி என்பதால், மகன் படிக்கும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. தொலைபேசியில் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே பதிலாக இருக்கும். இப்போது, "உனக்கு இன்று புரியாமல் போனது எது?" என்று கேட்கிறேன். நேற்று, நிலவு ஏன் நம் கூடவே வருகிறது என்று திருப்பிக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து தேடுவதாக முடிவாகியிருக்கிறது.