புதைபடிவ இடைவெளியை விளக்க அரியலூர் அம்மோனைட் இரவல் வேண்டும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். "புதைபடிவத்துல இவ்வளவு இடைவெளி இருக்கே, அப்போ பரிணாமம் பொய்தானே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பள்ளிக் கண்காட்சியில் தொட்டுப் பார்க்கிற மாதிரி பதில் வைக்கணும்.

குளத்துக் களிமண்ணில் நத்தைக்கூடு, மீன்முள், கனிந்த பழத்துண்டு மூன்றையும் அமுக்கி எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 2 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு கலந்து ஊற்றுவோம். கூட்டில் தேங்காயெண்ணெய் தடவாவிட்டால் மண் ஒட்டி வரி அழிந்துவிடும். தண்ணீர் கூடினால் வார்ப்பு உதிரும். பழம் நசுங்கி, உருப்படியான அச்சே விழாது. மெல்லுடல் உயிர்கள் பெரும்பாலும் தடமில்லாமல் போவது இப்படித்தான். இன்னொரு கூட்டை வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். அமில நிலத்தடிநீரும் அதைத்தான் செய்கிறது.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அதில் தேடிப் பலனில்லை. அரியலூரில் இருப்பது கடல் படிவுப் பாறை; அதில்தான் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) புதைபடிவம் கிடைக்கிறது.

இடைவெளி தெரிந்தால் தேடவேண்டிய பாறையும் தெரியும். சுமார் 37.5 கோடி ஆண்டுப் பாறையைக் குறிவைத்துத் தேடியதால்தான் 2004-ல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில், மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக் என்ற உயிரின் புதைபடிவம் கிடைத்தது: மீனின் செதிலும் துடுப்பும், கூடவே அசையும் கழுத்து.

அரியலூர் அம்மோனைட் வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் இரவல் கொடுங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வைப்போம், அச்சு எடுக்க மாட்டோம். காலி நத்தைக்கூடும் வேணும், உடையாததா.