நெக்ளிஜென்ஸ்: கவனக்குறைவா, கவனவழுவா?

> ‘நெக்ளிஜென்ஸ்’ (negligence) என்ற சட்டச் சொல்லுக்குக் ‘கவனக்குறைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, வணக்கம்.

இருக்கிறது, மறுக்கவில்லை. காவல் நிலைய எழுத்தில் ‘அஜாக்கிரதை’, இலங்கையில் ‘கவனயீனம்’ என்றும் உண்டு. மூன்றும் ஆளின் மனத்தைப் பார்க்கிற சொற்கள். ஆங்கிலத் தீங்கியல் சட்டமோ (பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் சட்டம்) நடத்தையை ஓர் அளவுகோலில் வைத்து அளக்கிறது.

1971இல் தீர்ப்பான நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன் வழக்கைப் பாருங்கள். கார் ஓட்டப் பழகிய ஒரு பெண்மணி மூன்றாவது பாடத்தில் தெருவிளக்குக் கம்பத்தில் மோதிவிட்டார். சொல்லிக்கொடுத்தவருக்கு முழங்கால் சில்லு உடைந்தது. அந்த அம்மா கவனம் இல்லாமலா இருந்திருப்பார்? புதிதாக ஓட்டுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டல்லவா ஓட்டுவார்கள்! தன்னால் முடிந்தவரை முயன்றிருந்தாலும் போதாது, தேர்ந்த ஓட்டுநருக்குரிய அளவுகோல்தான் அவருக்கும் என்றது நீதிபதி டென்னிங் பிரபு இருந்த அமர்வு. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் இந்தத் தீர்ப்பே அபத்தமாகத் தெரியும்.

ஆகவே ‘கவனவழு’ என்று வைக்கலாமா? ‘அவன் வந்தாள்’ என்று எழுதியவர் தெரிந்து எழுதினாரா, அசந்து எழுதினாரா என்று இலக்கணம் கேட்பதில்லை. முறை தப்பினால் வழு, அவ்வளவுதான். கூட்டுச்சொல்லுக்கும் இடம் கொடுக்கிறது: அந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர் மீதும் பாதித் தவறு என்று இழப்பீட்டைக் குறைத்தார்களே, அது ‘உடன்வழு’.

போல்ட்டன் எதிர் ஸ்டோன் வழக்குக்கு (1951) ‘வழுவமைதி’யை, அதாவது வழுவானாலும் பொறுத்து ஏற்கும் இலக்கண முறையை, பொருத்தவும் ஆசை வந்தது. மைதானத்திலிருந்து பறந்த கிரிக்கெட் பந்து தெருவில் நின்ற பெண்ணைத் தாக்கிய வழக்கு அது. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் ஆறு முறையோ என்னவோதான் பந்து வெளியே போயிருந்தது. ஆனால் அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வழுவைப் பொறுத்துக்கொள்ளவில்லை, வழுவே இல்லை என்றுவிட்டது. ஆசையை விட்டுவிட்டேன்.

---

அண்ணா, வழு நல்ல சொல். ஆனால் அது பாதிக் கிணறுதான்.

1968ஆம் ஆண்டின் பார்னெட் வழக்கு நினைவிருக்கிறதா? தேநீர் குடித்து வாந்தியெடுத்த மூன்று இரவுக் காவலாளிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் வந்து பார்க்காமலே வீட்டுக்குப் போகச் சொன்னார். ஒருவர் இறந்தார், தேநீரில் ஆர்சனிக். மருத்துவர் செய்தது வழு, சந்தேகமில்லை. ஆனால் பார்த்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்பதால் வழக்கு தோற்றது. கடமை, வழு, வழுவால் விளைந்த கேடு மூன்றும் சேர்ந்தால்தானே நெக்ளிஜென்ஸ்? நீங்கள் நடுவில் உள்ளதற்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

---

சரி, ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. ‘வழு’ கடமை மீறலுக்கு மட்டும் இருக்கட்டும். மூன்றும் சேர்ந்த முழு வழக்குக்குக் ‘கவனவழுத் தீங்கு’. நீளம்தான், ஆனால் குழப்பாது.

அப்புறம் ஒன்று. யார் மீது கவனம் காட்டும் கடமை உண்டு என்பதற்கு நீதிபதி ஆட்கின் பிரபு 1932இல் டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் எடுத்தாண்ட ‘நெய்பர்’ (neighbour) என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘அண்டைவீட்டார்’ என்று இருக்கிறது. பெய்ஸ்லி ஊரில் ஓர் உணவகத்தில் இஞ்சி பியர் குடித்தவர், புட்டிக்குள் அழுகிய நத்தை இருந்ததாகச் சொல்லித் தயாரிப்பாளர் மீது வழக்குப் போட்டார். இருவரும் பார்த்துக்கொண்டதே கிடையாது. வழக்கு ஸ்காட்லாந்துடையது என்றாலும் ஆங்கிலச் சட்டம் அந்தக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே எங்கே வருகிறது வீடு?

நல்ல சமாரியன் கதையிலிருந்து அவர் எடுத்த சொல் அது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதைப் ‘பிறன்’ என்கிறது. எனக்கு ‘அயலார்’ பிடித்திருக்கிறது: பக்கத்தில் இருப்பவரும் அயலார், முன்பின் தெரியாதவரும் அயலார். பட்டியலில் மாற்றிவிடட்டுமா?

---

மாற்றுங்கள் அண்ணா. ‘பிறன்’ வேண்டாம், ‘பிறன்மனை’ நினைவுக்கு வந்து தொலைக்கிறது.