கட்டடத் தொழிலாளர் குழந்தைகள் காப்பகம்: வழிகாட்டுதல் வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம். கட்டட வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக எங்கள் தொண்டு அமைப்பு சென்னையில் இலவசப் பகல்நேரக் காப்பகமும் மழலையர் பள்ளியும் நடத்தி வருகிறது. அங்கன்வாடி பிற்பகலிலேயே முடிந்துவிடுவதால், தாய் திரும்பும் மாலை வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே இக்குடும்பங்களின் பெருங்கவலை; சில வீடுகளில் மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கவனிக்கிறாள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை ஒதுக்க வேண்டும் என 2025 வரை நடைமுறையில் இருந்த 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் கூறியிருந்தாலும், சிறிய பணியிடங்களுக்கு அது பொருந்தவில்லை. (பொருந்திய இடங்களிலும் கேட்டால்தான் கிடைத்தது.)

வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகளுக்கான மத்திய அரசின் காப்பகத் திட்டமான பால்னாவின் கீழ் காப்பகம் நடத்திய அனுபவமுள்ளவர்கள், அதன் நடைமுறையை விளக்கினால் பேருதவியாக இருக்கும். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக, ஒடியா அல்லது இந்தி பேசத் தெரிந்த பராமரிப்பாளர் எவரையேனும் அறிந்திருந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறோம்.